கோர் விடாலைப் படிக்கத் தொடங்குபவருக்கு: 'ஜூலியன்' முதல் 'லிங்கன்' வரை

அமெரிக்க எழுத்தாளர் கோர் விடாலின் முதல் நாவல் 1946இல் வெளிவந்தது. 2012 ஜூலை 31இல் இறந்தபோது இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள், தொகுதி தொகுதியாகக் கட்டுரைகள், நாடகங்கள், திரைக்கதைகள் என்று ஒரு தனி அலமாரிக்கு வேண்டியதை எழுதி வைத்திருந்தார். அந்த அலமாரி முன்னால் நிற்கும் புதிய வாசகர் பெரும்பாலும் கைக்கு அகப்பட்ட மெல்லிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவார். இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இந்த வழிகாட்டி 1964 முதல் 1984 வரையிலான இருபது ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அவருடைய முக்கியமான அரசியல் நாவல்களும் மிகக் கூர்மையான கட்டுரைகளும் அப்போதுதான் வந்தன. அடிப்படையான விஷயம் ஒன்றுதான்: நாவலில் விடால் பிறர் வாயால் பேசுகிறார், கட்டுரையில் தன் வாயால் பேசுகிறார். ஒன்றை மட்டும் படித்தால் ஆள் பாதிதான் தெரிவார். அதனால் ஒரு நாவல், ஒரு கட்டுரை என்று மாற்றி மாற்றிப் படியுங்கள்.

தொடங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

வாழ்க்கை வரலாறு முழுவதும் தேவையில்லை. மூன்று செய்திகள் போதும்.

முதலாவது, தாய்வழித் தாத்தா தாமஸ் கோர். ஒக்லஹோமா மாநிலத்தின் செனட்டர், கண் பார்வை இல்லாதவர். சிறுவன் விடால் அவருக்குச் சட்டமன்ற ஆவணங்களையும் வரலாற்று நூல்களையும் உரக்கப் படித்துக் காட்டி வளர்ந்தவர். அவருடைய அரசியல் நாவல்களில் முக்கியமான காரியம் எதுவும் மேடையில் நடக்காது. விருந்து மேசையிலும் அலுவலக அறையிலும் தாழ்வாரத்திலும் நடக்கும். அந்த இடங்களைச் சிறுவயதிலேயே உள்ளிருந்து பார்த்தவர் அவர்.

இரண்டாவது, 1948இல் வந்த 'தி சிட்டி அண்ட் தி பில்லர்'. ஓரினக் காதலை ஒளிக்காமல் எழுதிய நாவல். அதன் பிறகு முக்கியமான பத்திரிகைகள் தன் நாவல்களைப் புறக்கணித்தன என்று அவர் கடைசிவரை சொல்லிவந்தார். 1950களில் தொலைக்காட்சி, நாடகம், சினிமா என்று போனார். எட்கர் பாக்ஸ் என்ற புனைபெயரில் துப்பறியும் கதைகளும் எழுதினார். பல பக்கத்துக்கு ஓடினாலும் தொய்யாத உரையாடலை அந்த ஆண்டுகள்தான் அவர் கைக்குத் தந்தன.

மூன்றாவது, 1960இல் நியூயார்க் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1982இல் கலிபோர்னியாவில் செனட் வேட்பாளராக நிற்பதற்கான உள்கட்சித் தேர்தலில் ஜெரி பிரவுனுக்கு அடுத்தபடியாக வந்தார். ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாகப் போனவர் எழுதிய நாவல்கள் இவை.

முதல் படி: 'பர்' (1973)

தொடக்கம் இதுதான். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஆரன் பரின் கதை. முதல் பதிப்பு சுமார் 430 பக்கம். நாளுக்கு முப்பது பக்கம் வைத்துக்கொண்டால் இரண்டு வாரம்.

படிக்கும் முன் ஒரு தாளில் இந்த ஆண்டுகளை எழுதிப் புத்தகத்தின் உள்அட்டையில் செருகிக்கொள்ளுங்கள்:

1775: அமெரிக்க விடுதலைப் போர் தொடக்கம். ஆண்டின் கடைசி நாளில் கியூபெக் மீது நடந்த தோல்வித் தாக்குதலில் இளைஞர் ஆரன் பர் இருந்தார்.
1800: அதிபர் தேர்தலில் ஜெஃபர்சனுக்கும் பருக்கும் தலா 73 தேர்வாளர் வாக்குகள் (தேர்வாளர்: அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நியமிக்கும் பிரதிநிதி).
1804 ஜூலை 11: வீஹாக்கனில் துப்பாக்கிச் சண்டை. அப்போது துணை அதிபராக இருந்த பர் சுட்டதில் அவருடைய அரசியல் எதிரி அலெக்சாண்டர் ஹாமில்டன் மறுநாள் இறந்தார்.
1807: ரிச்மண்டில் பர் மீது தேசத் துரோக வழக்கு, விடுதலை.
1833: கதையின் 'இன்று' தொடங்கும் ஆண்டு. 77 வயது பர், பணக்கார விதவை எலிசா ஜூமெலை மணக்கிறார்.
1836: பரின் மரணம்.

இந்தத் தாள் ஏன் வேண்டும்? நாவல் இரண்டு காலங்களில் ஓடுகிறது. 1830களில் பரின் அலுவலகத்தில் சட்டம் பயிலும் சார்லி ஸ்கைலர் என்ற இளைஞன் தன் கதையைச் சொல்கிறான். நடுநடுவே பரே தன் பழைய நாட்களைச் சொல்கிறார். முதல் ஐம்பது பக்கத்தில் வாசகர் தடுமாறுவதற்கு ஆங்கிலம் காரணமல்ல. எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்று தெரியாததுதான். பத்தி தொடங்கும்போதே 'பேசுவது சார்லியா, பரா' என்று பார்த்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

1800ஆம் ஆண்டுத் தேர்தல் புரியாமல் பரைப் புரிந்துகொள்ள முடியாது. அன்றைய முறையில் ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு வாக்கு. இது அதிபருக்கு, இது துணை அதிபருக்கு என்று பிரித்துப் போட வழியில்லை. அதிக வாக்கு வாங்கியவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். ஜெஃபர்சனின் கட்சிக்காரர்கள் எல்லோரும் தங்கள் இரண்டு வாக்கையும் ஜெஃபர்சனுக்கும் பருக்கும் போட்டதில் இருவரும் சமமாக வந்து நின்றார்கள். முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. பதினாறு மாநிலங்களில் ஒன்பது வேண்டும். 36 சுற்று நடந்த பிறகே 1801 பிப்ரவரி 17இல் ஜெஃபர்சன் வென்றார். பர் ஒதுங்கி வழிவிடவில்லை என்ற சந்தேகம் ஜெஃபர்சனை விட்டுக் கடைசிவரை போகவில்லை. 1804இல் வந்த பன்னிரண்டாவது திருத்தம் இரண்டு பதவிக்கும் தனித்தனி வாக்கு என்று முறையை மாற்றியது. நாவலில் ஜெஃபர்சனைப் பற்றி பர் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் இந்த 36 சுற்று இருக்கிறது.

இங்கேதான் புதியவர் செய்யும் பெரிய தவறு வருகிறது. இந்த நாவலில் வாஷிங்டன் போர்க்களத்தில் தேறாத தளபதி, ஜெஃபர்சன் பசப்புக்காரர். உடனே 'அமெரிக்காவின் தந்தையரை விடால் இப்படித்தான் பார்த்தார்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். சொல்பவர் பர். எல்லாவற்றையும் அவர்களிடம் இழந்த கிழவர், ஆட்களை மயக்கத் தெரிந்த வழக்கறிஞர். பின்னுரையில் விடாலே, ஜெஃபர்சனை பர் மதித்த அளவுக்குத் தாழ்வாகத் தான் மதிக்கவில்லை என்பதைத் தெளிவாக்குகிறார். ஆகவே ஓரத்தில் பென்சிலால் இரண்டே கேள்வி: யார் சொல்கிறார்? சொல்பவருக்கு இதில் என்ன ஆதாயம்? இந்தப் பழக்கம் 'பர்' நாவலில் கைக்கு வந்துவிட்டால் பிறகு வரும் எல்லா நூலுக்கும் உதவும்.

பின்னுரையைக் கடைசியில் படியுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். பாத்திரங்களில் யார் கற்பனை என்று அதில் சொல்லியிருக்கிறார்: சார்லியும், வில்லியம் டி லா டூஷ் க்ளான்சி என்ற இன்னொருவரும்தான். மற்றவர்கள் உண்மையில் வாழ்ந்தவர்கள். சந்திப்புகளுக்கும் உரையாடல்களுக்கும் அந்த உறுதி கிடையாது. உதாரணமாக, ஹாமில்டன் பரைப் பற்றி என்ன இழிசொல் சொன்னார் என்பது ஆவணத்தில் இல்லை. 1804இல் அச்சேறிய ஒரு கடிதம், வெளியே தெரிந்ததைவிட மோசமாக ஏதோ சொன்னார் என்று சூசகமாகச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. அந்த வெற்றிடத்தில் விடால் தன் சொந்த விடையை வைத்தார். கதைக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதாலேயே அதை வரலாறு என்று வெளியில் சொல்லிவிடக் கூடாது.

இரண்டாம் படி: கூடவே கட்டுரைகள்

'பர்' பாதி தாண்டியதும் 'ஹோமேஜ் டு டேனியல் ஷேஸ்' (1972) கட்டுரையை எடுங்கள். ஷேஸ் விடுதலைப் போரில் சண்டையிட்டவர். 1786-87இல் மேற்கு மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகளின் கிளர்ச்சியை நடத்தியவர்களில் ஒருவர். அந்தக் கிளர்ச்சியால் அஞ்சிய சொத்துக்காரர்கள், தங்கள் சொத்தைக் காக்கும் வகையில் அரசியலமைப்பை வகுத்துக்கொண்டார்கள் என்பது விடாலின் வாதம். 1975இல் எழுதிய 'தி ஸ்டேட் ஆஃப் தி யூனியன்' இதையே இன்னும் கூர்மையாகச் சொல்கிறது: நாட்டில் இருப்பது சொத்துக் கட்சி என்ற ஒரே கட்சி, அதற்கு இரண்டு வலதுசாரிப் பிரிவுகள். இந்த இரண்டையும் படித்துவிட்டு 'பர்' நாவலுக்குத் திரும்பினால், கிழவரின் வசை எங்கே முடிகிறது, ஆசிரியரின் கவலை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கலாம்.

கட்டுரைகள் எங்கே கிடைக்கும்? 'யுனைடெட் ஸ்டேட்ஸ்: எஸ்ஸேஸ் 1952–1992' என்ற பெருந்தொகுதி 1993இல் தேசிய நூல் விருது பெற்றது. 114 கட்டுரைகள், ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல். இலக்கியம், அரசியல், சொந்த வாழ்க்கை என்று மூன்று பிரிவு. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டிய புத்தகம் அல்ல இது. அப்படித் தொடங்கியவர் மறந்துபோன நாவலாசிரியர்களைப் பற்றிய விமர்சனங்களில் சிக்கி நின்றுவிடுவார். உள்ளடக்கப் பக்கத்தைத் திறந்து, தேவையானதை மட்டும் எடுங்கள். கனம் அதிகம் என்று தோன்றினால், ஜே பாரினி தேர்ந்தெடுத்த சிறிய தொகுப்பு (2008) இருக்கிறது. பழைய புத்தகக் கடையில் 'மேட்டர்ஸ் ஆஃப் ஃபேக்ட் அண்ட் ஆஃப் ஃபிக்ஷன்' (1977) கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்கலாம். 1973 முதல் 1976 வரை எழுதியவை அதில் இருக்கின்றன.

அரசியல் பின்னணியே தெரியாதவர் 'தி டாப் டென் பெஸ்ட் செல்லர்ஸ்' (1973) கட்டுரையில் தொடங்கலாம். அந்த வாரம் அமெரிக்காவில் அதிகம் விற்ற பத்து நாவல்களையும் உட்கார்ந்து படித்துவிட்டு எழுதியது. பழைய ஹாலிவுட் படங்கள் அந்த எழுத்தாளர்களின் மனதை எப்படி நிரப்பியிருக்கின்றன என்று ஒவ்வொரு நாவலாக எடுத்துக் காட்டுகிறார். விடாலின் முறை முழுவதும் இதில் தெரிந்துவிடும்: மூலத்தை வரிக்கு வரி படி, மேற்கோள் காட்டு, பிறகு அடி.

கட்டுரைகளை இரண்டு தடவை படியுங்கள். முதல் தடவை ஓட்டமாக. அவருடைய வாக்கியத்தின் வேகம் அப்போதுதான் பிடிபடும். இரண்டாம் தடவை ஆண்டு, தொகை, பெயர் வரும் இடங்களை மட்டும் கோடிடுங்கள். அவை சரிபார்க்கக் கூடியவை. மீதியில் பெரும்பகுதி தீர்ப்பு. தீர்ப்பையும் தகவலையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது அவருடைய வழக்கம். கட்டுரையின் சுவையும் அதில்தான் இருக்கிறது, வாசகர் ஏமாறுவதும் அதில்தான்.

மூன்றாம் படி: '1876' (1976)

கதைக்கால வரிசை பார்த்தால் 'பர்' முடிந்ததும் 'லிங்கன்' வர வேண்டும். அப்படிப் போகாதீர்கள். '1876' நாவலைச் சொல்பவர் அதே சார்லி ஸ்கைலர். அறுபது தாண்டி, கையில் காசில்லாமல், விதவை மகள் எம்மாவோடு ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் திரும்புகிறார். 'பர்' நாவலின் குரல் காதில் ஈரமாக இருக்கும்போதே இதைப் படித்தால்தான், அந்தத் துடிப்பான இளைஞன் இந்தக் களைத்த மனிதராக ஆனது மனதைத் தொடும்.

இங்கேயும் ஒரு தேர்தல் கணக்கு வேண்டும். மொத்தம் 369 தேர்வாளர் வாக்கு, வெற்றிக்கு 185. ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன் மக்கள் வாக்கில் சுமார் இரண்டரை லட்சம் அதிகம் பெற்றுத் தேர்வாளர் வாக்கில் 184இல் நின்றார். குடியரசுக் கட்சியின் ரதர்ஃபோர்ட் ஹேய்ஸிடம் 165. ஃபுளோரிடா, லூசியானா, தென் கரோலினா மாநிலங்களின் வாக்குகளும் ஓரிகனில் ஒன்றும் சேர்ந்து 20 வாக்கு தகராறில். பதினைந்து பேர் கொண்ட ஆணையம் எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் இருபதையும் ஹேய்ஸுக்கே கொடுத்தது. 185க்கு 184. இந்த ஏழெட்டு எண்கள் தெரிந்தால் நாவலின் கடைசிப் பகுதி நெஞ்சை அடைக்கும். தெரியாவிட்டால் பெயர்ப் பட்டியலாகத்தான் நிற்கும்.

'பர்' நாவலைவிட இது மெதுவாக நகரும். விருந்துகளின் வருணனை நீளம். அங்கே வேகமாகப் புரட்டலாம். எம்மா வரும் பக்கங்களை மட்டும் புரட்டக் கூடாது. முடிவுக்கான விதைகள் அங்கேதான் விழுகின்றன.

நான்காம் படி: 'லிங்கன்' (1984)

650 பக்கம். நாளுக்கு 25 பக்கம் என்றால் ஒரு மாதத்துக்குள் முடியும். இந்த இருபது ஆண்டுகளில் விடால் எழுதியவற்றில் உச்சம் இது.

1861 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை. கொலை மிரட்டலுக்கு நடுவில் ரகசியமாக வந்து இறங்கும் புதிய அதிபருக்காக அவருடைய நண்பரும் காங்கிரஸ் உறுப்பினருமான எலிஹு வாஷ்பர்ன் வாஷிங்டன் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறார். அந்தக் காட்சியிலேயே நாவலின் விதி தெரிந்துவிடுகிறது: லிங்கனை நாம் எப்போதும் வெளியிலிருந்துதான் பார்ப்போம். அவர் மனதுக்குள் விடால் நுழைவதில்லை. பார்ப்பவர்கள் வேறு. வெளியுறவு அமைச்சர் சியூவர்ட், நிதியமைச்சர் சேஸ், சேஸின் மகள் கேட், லிங்கனின் மனைவி மேரி, இளம் செயலாளர் ஜான் ஹே, மருந்துக் கடைப் பையன் டேவிட் ஹெரால்ட். இந்த ஆறு பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று பக்கத்தில் குறியுங்கள். சியூவர்டும் சேஸும் 1860இல் லிங்கனோடு அதிபர் வேட்பாளர் இடத்துக்குப் போட்டியிட்டவர்கள். இந்த நாட்டுப்புற வழக்கறிஞரைத் தாங்கள்தான் நடத்தப்போகிறோம் என்ற நினைப்பில் அமைச்சரவைக்குள் வருகிறார்கள். அந்த நினைப்பு ஒவ்வொருவருக்கும் எந்தப் பக்கத்தில் உடைகிறது என்று குறித்துவையுங்கள். நாவலின் முதுகெலும்பு அதுதான். ஹெரால்ட் வரும் அத்தியாயங்கள் முதலில் தொடர்பில்லாதவைபோலத் தோன்றும், தாண்டிப் போய்விடாதீர்கள்.

உள்நாட்டுப் போரின் போர்க்களத்தை எதிர்பார்த்து வருபவருக்கு ஏமாற்றம் வரும். சண்டைகள் தந்தியாக, வதந்தியாக, காயம்பட்டவர்களின் வண்டியாக வாஷிங்டனுக்கு வந்து சேர்கின்றன. நாவல் தலைநகரை விட்டு அதிகம் நகர்வதில்லை. கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தேதிகள்: அடிமைகளின் விடுதலை அறிக்கைக்கான முன்னறிவிப்பு 1862 செப்டம்பர் 22, அறிக்கை நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1, லிங்கன் சுடப்பட்டது 1865 ஏப்ரல் 14.

விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வேறு நாட்டில் குடியேற்றும் எண்ணம் லிங்கனுக்கு இருந்தது. 1862 ஆகஸ்டில் கறுப்பினத் தலைவர்கள் சிலரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து அவர் அதைப் பேசியது ஆவணத்தில் இருக்கிறது. அந்த எண்ணத்தைக் கடைசிவரை அவர் கைவிடவில்லை என்பது விடாலின் நிலை. ரிச்சர்ட் கரண்ட் போன்ற லிங்கன் ஆய்வாளர்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள். 1988இல் 'நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' இதழில் இரு தரப்பும் மோதிக்கொண்டன. நாவலை முடித்தபின் அந்த விவாதத்தையும் படிப்பது நல்லது. 1862 பற்றிச் சண்டை இல்லை. அதற்குப் பிந்தைய ஆண்டுகள் பற்றித்தான் சண்டை என்பதைப் பிரித்து வைத்துக்கொண்டால் விவாதம் தெளிவாகும்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய கட்டுரை 'தி செகண்ட் அமெரிக்கன் ரெவல்யூஷன்' (1981). அரசியலமைப்பையே திருப்பி எழுத ஒரு மாநாடு கூட்ட வேண்டும் என்று வாதிடுகிறது. இதே தலைப்பில் வந்த தொகுதிக்கு 1982க்கான தேசிய நூல் விமர்சகர் வட்டத்தின் விமர்சன விருது கிடைத்தது. அரசியலமைப்பை இழுத்து வளைத்த லிங்கன் ஒரு பக்கம், அதை மாற்றி எழுதச் சொல்லும் விடால் மறு பக்கம். நாவலில் அந்த மனிதர்மேல் விடாலுக்கு வந்த பிரமிப்பு, கட்டுரையைப் படித்த பிறகுதான் முழுமையாகப் புரியும்.

அமெரிக்க வரலாற்றுக்கு வெளியே போகும் நாவல்கள்

'ஜூலியன்' (1964): கிறிஸ்தவத்தை விலக்கிப் பழைய தெய்வங்களிடம் திரும்பிய ரோமப் பேரரசர். ஆட்சி 361 முதல் 363 வரை மட்டுமே. அவருடைய நினைவுக் குறிப்புகளை லிபானியஸ், பிரிஸ்கஸ் என்ற இரண்டு முதியவர்கள் ஓரத்தில் குறுக்கிட்டுத் திருத்திக்கொண்டே வருகிறார்கள். 'பர்' நாவலின் இரட்டைக் குரலுக்கு ஒத்திகை இங்கேதான் நடந்தது. அமெரிக்க அரசியலில் ஆர்வம் இல்லாதவர் இதிலேயே தொடங்கலாம்.

'க்ரியேஷன்' (1981) இந்திய வாசகருக்கு நெருக்கமானது. ஜரதுஷ்டிரரின் பேரனான சைரஸ் ஸ்பிதாமா என்ற பாரசீகத் தூதர், ஹெரோடோட்டஸ் ஏதென்ஸில் பாரசீகப் போர்களைப் பற்றி வாசித்ததைக் கேட்டு எரிச்சலுற்று, தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். மகதத்துக்கும் கோசலத்துக்கும் போகிறார். பிம்பிசாரனையும் அஜாதசத்ருவையும் பார்க்கிறார். கோசாலர், மகாவீரர், புத்தர், பிறகு சீனத்தில் கன்பூசியஸ். இத்தனை பேரையும் ஒரே மனிதர் ஒரே ஆயுளில் சந்திக்கும்படி காலத்தை அமைத்தது நாவலாசிரியரின் உரிமை. புத்தரைச் சந்திக்கும் பக்கங்களில் பக்தி எதிர்பார்க்காதீர்கள். பார்ப்பவர், படைத்த கடவுளை நம்பும் ஜரதுஷ்டிர மதத்தவர். படைப்பு எப்படித் தொடங்கியது என்ற அவர் கேள்விக்கு அங்கே விடை கிடைப்பதில்லை. வாங்குவதானால் 2002இல் வந்த மீட்டமைத்த பதிப்பைத் தேடுங்கள்; முதல் பதிப்பில் வெட்டப்பட்ட அத்தியாயங்கள் அதில் திரும்ப வந்திருக்கின்றன.

'கல்கி' (1978) பெயரைப் பார்த்து நம் வாசகர் முதலில் அதை எடுப்பது இயல்பு. காத்மாண்டில் தன்னை விஷ்ணுவின் அவதாரம் என்று சொல்லிக்கொள்ளும் அமெரிக்கரின் கதை. உலக அழிவைப் பற்றிய நாவல். விடாலுக்குப் பழகிய பிறகு படிக்கலாம். 'மைரா ப்ரெக்கின்ரிட்ஜ்' (1968) அவருடைய துணிச்சலின் உச்சம், ஆனால் அதில் பாலியல் வன்முறைக் காட்சி ஒன்று விரிவாகவே வருகிறது; அதைத் தெரிந்துகொண்டு கையில் எடுங்கள்.

தள்ளிப் போட வேண்டியதும் அடுத்ததும்

'பர்', '1876', 'லிங்கன்' எல்லாம் சேர்ந்த ஏழு அமெரிக்க வரலாற்று நாவல்களின் வரிசையில் முதலில் எழுதப்பட்ட 'வாஷிங்டன், டி.சி.' (1967) நாவலில் தொடங்கும்படி பலர் சொல்வார்கள். அது 1937 முதல் 1950களின் தொடக்கம் வரையிலான கதை. அப்போது ஏழு நூல் வரிசை என்ற திட்டம் அவரிடம் இல்லை. கட்டுமானம் பின்னால் வந்தவை அளவுக்கு இறுக்கமில்லை. பிறர் உருவாக்கித் தந்த போர்வீரர் புகழில் மேலேறும் க்ளே ஓவர்பரி என்ற இளம் அரசியல்வாதிக்காகப் படியுங்கள். அதே ஆண்டு கென்னடி குடும்பத்தைப் பற்றி எழுதிய 'தி ஹோலி ஃபேமிலி' கட்டுரையைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் க்ளே எங்கிருந்து வந்தான் என்பது தெரியும்.

இவற்றை முடித்தவர் 'எம்பயர்' (1987) பக்கம் போகலாம். 'லிங்கன்' நாவலில் 22 வயதில் வந்த ஜான் ஹே அதில் முதியவர், வெளியுறவு அமைச்சர். இடைவெளி விடாமல் போவது நல்லது. விட்டுப் போனால் 'லிங்கன்' நாவலில் ஹே முதன்முதலாக வரும் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் ஒருமுறை திரும்பப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.